பூனைக்காரியின் கோபம்

மீன் சந்தையில் எல்லோரும் அவளைப் பூனைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். மீன் வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. செதில் சீவி, வயிற்றைக் கீறி, குடலை வழித்தெடுப்பதற்குள் பூனைகள் காலடியில் கூடிவிடும். “தள்ளி நில்லுங்கடி, எல்லாருக்கும் உண்டு” என்று அதட்டிக்கொண்டே பங்கு வைப்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் யார்மேலும் கை நீட்டியவள் இல்லை.

ஒரு காலையில், மடியில் ஏற வந்த பூனையைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி வெட்டுக்கட்டையில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் அது செத்துப்போயிற்று. அதைக் குடல் வாளிக்குள் போட்டுவிட்டு, எதிரில் உறைந்து நின்ற பெண்ணிடம், “தலை வேணுமா, வேணாமா?” என்று கேட்டாள்.

அதற்குச் சில மாதங்கள் முன்பே அவளுடைய இடது கட்டைவிரல் வலுவிழக்கத் தொடங்கியிருந்தது. வழுக்கும் மீனைப் பிடிக்க முடியவில்லை. பிறகு தோள்சதை தானாகத் துடித்தது, பேச்சு குழறியது. பெரிய ஆஸ்பத்திரியில் தசைகளில் ஊசி குத்திப் பார்த்து, உடம்பை அசைக்கிற நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற வியாதி என்றார்கள். தீர்க்க மருந்தில்லை. ஆனால் புத்திக்கு ஒன்றும் ஆகாது, கடைசிவரை தெளிவாகவே இருக்கும் என்று யாரோ ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஆறுதல்தான் வினையாக முடிந்தது. அதற்குப் பிறகு அவள் செய்ததையெல்லாம் தெரிந்தே செய்கிறாள் என்று வீடு நம்பியது.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். ஒருநாள் அவர் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது முதுகில் வெந்நீரை ஊற்றினாள். இன்னொரு நாள் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போடும் இரும்புக் கம்பியால் புருவத்தைப் பிளந்தாள். டிரைவர் பிரேக் அடித்ததில் விழுந்துவிட்டேன் என்று அவர் டிப்போவில் சொல்லிச் சமாளித்தார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். “நான் என்ன பண்ணேன், சொல்லு?” அவள் சில சமயம் சிரிப்பாள்.

அவளுடைய அண்ணன் அதே சந்தையில் மூட்டை தூக்குகிறவர். தங்கையின் கணவர் புருவத்தில் தையலோடு நிற்பதைப் பார்த்து அவருக்கு ரத்தம் கொதித்தது. “திமிரு, மாப்ள. தான் சாகப்போறோம்னு தெரிஞ்சு உங்களையும் கூட்டிட்டுப் போகப் பார்க்கிறா” என்றவர், வீட்டுக்குள் நுழைந்து அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். விழும்போது ஊன்றிக்கொள்ள அவள் கைகளில் வலுவில்லை. முகவாய் தரையில் மோதிப் பிளந்தது, காதிலிருந்து ரத்தம் வந்தது. கண்டக்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் கழுத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் கண்ணாடி அலமாரிமேல் போய் விழுந்தார்கள். தன் முழங்கைச் சதை கிழிந்து தொங்கியபோதுதான் கண்டக்டர் பிடியை விட்டார்.

தையல் போடப் போன பெரிய ஆஸ்பத்திரியில், நரம்பு வியாதி பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் புருஷன் பெண்டாட்டி இருவர் உடம்பிலும் காயங்களைப் பார்த்தார். யார் யாரை அடிக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டார். பூனையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும், மூளையைப் படமெடுக்க வேண்டும் என்றார். மூளை சர்க்கரையைத் தின்றுதான் வேலை செய்கிறது. துளி கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றினால், எந்த இடம் நன்றாகத் தின்கிறது, எந்த இடம் பட்டினி கிடக்கிறது என்று படத்தில் தெரியும்.

முதல் தடவை அவள் ஊசியைப் பிடுங்கி எறிந்து, டெக்னீஷியன் பெண்ணின் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தாள். அடுத்த முறை, மருந்து ஏறிய பிறகு மங்கலான அறையில் அசையாமல் கிடக்க வேண்டிய நேரம் முழுக்க, கண்டக்டரைக் கதவோரம் நிற்க விட்டார்கள். அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தவரை அவள் சும்மா கிடந்தாள். படமெடுக்கும் முன் தூங்க மருந்து கொடுத்தார்கள்.

டாக்டரம்மா இரண்டு படங்களைப் அருகருகே வைத்துக் கண்டக்டருக்குக் காட்டினார். நல்ல மூளை எங்கும் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. இவளுடையதில் உச்சியில், கைகால்களை ஆட்டுகிற பட்டை மங்கியிருந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி முழுக்க நீலம் பாய்ந்து கிடந்தது.

“அப்போ, அவ வேணும்னு அடிக்கலையா டாக்டர்?”

“வேணும், வேணாம்னு யோசிச்சு ஓங்கின கையை நிறுத்துற இடமே அதுதான். அதுதான் இப்போ வேலை செய்யல. சில பேருக்கு இந்த வியாதி அங்கேயும் போகும்.”

“சரி பண்ணலாமா?”

“முடியாது. கோபத்தை ஓரளவு தணிக்க மாத்திரை தர்றேன். அவங்க நெனச்சுப் பண்ணலைன்னு தெரிஞ்சுக்கலாம், அவ்வளவுதான்.”

கண்டக்டர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வீட்டுக்கு வந்ததும் கத்திகளையும் கம்பியையும் பூட்டி வைத்தார். அவள் நகங்களை வெட்டிவிட்டார். கடிபடாமல் இருக்கக் கனத்த கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு குளிப்பாட்டினார். மாத்திரை கொஞ்சம் கேட்டது, ஆனால் அடி நிற்கவில்லை. கை ஓய்ந்தபோது உதைத்தாள், கால் ஓய்ந்தபோது தலையால் முட்டினாள். “நான் என்ன பண்ணேன்” என்ற கேள்வியை மட்டும் அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அண்ணன் படத்தை நம்பவில்லை. “கலர் கலரா நூறு காட்டுவாங்க மாப்ள” என்று தட்டிக்கழித்துவிட்டு, வெகுநாள் அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு மத்தியானம் தானாக வந்தார். நாற்காலியில் கழுத்து சாய்ந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தவளைப் பார்த்து, “என்ன புள்ள இது” என்று முகத்தருகே குனிந்தார். அவள் அவர் காதைக் கவ்வினாள். மடல் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம் வழிந்தது. அவர் கை தானாக ஓங்கியது. ஓங்கிய கையோடு சற்று நேரம் நின்றார். பிறகு அதைக் கீழே இறக்கி, அவள் வாயைத் துண்டால் துடைத்துவிட்டார். அன்றிலிருந்து அவளைத் தூக்கிக் கட்டிலில் போடுவதற்கு அவர்தான் தினமும் வந்தார்.

கடைசியில் மார்புத் தசைகளும் ஓய்ந்து அவள் மூச்சு அடங்கியது. அன்று காலை கண்டக்டர் சோற்றைக் கூழாக மசித்து ஊட்டியபோது, அவள் கரண்டியைப் பல்லால் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் இழுக்கவில்லை. அவளாக விடட்டும் என்று கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.