ஆறு கிலோ இரும்பும் என் மகளும்

என் மகளால் பிறந்ததிலிருந்தே நடக்க முடியாது. கால்கள் இறுகிப்போனவை. கைகளில் ஒன்றுதான் அவள் சொன்னபடி கேட்கும். பேச்சு மெதுவாக வரும், ஆனால் தெளிவாக வரும். ஜமுனாமரத்தூரில் எங்கள் வீட்டுக்குள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து வாசலுக்கு என்று அவள் போகிற இடத்துக்கெல்லாம் நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். சின்ன வயதில் அவளை மடியில் வைத்துக்கொண்டே தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்திருக்கிறேன். வளர்ந்தால் என்ன செய்வது என்று அப்போதே நினைப்பு வரும். வந்ததும் அதைத் தள்ளி வைத்துவிட்டு மிஷினை மிதிப்பேன்.

பதினான்கு வயதில் திடீரென்று வளர்ந்தாள். தூக்கினால் அவள் பாதங்கள் என் கணுக்காலில் இடித்தன.

பனிக்காலத்தில் ஒரு காலை. என் கணவர் மினி லாரியில் சாமை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூருக்குப் போயிருந்தார். அவளைக் குளிப்பாட்டி முடித்து, முக்காலியிலிருந்து தூக்கக் குனிந்தேன். இடுப்பில் ஏதோ வெட்டி இழுத்தது. முழங்கால்கள் மடங்கின. ஈரத்தோடு இருவரும் தரையில் விழுந்தோம். நல்லவேளை, அவள் என் மேல்தான் விழுந்தாள், அடிபடவில்லை. ஆனால் என்னால் புரளக்கூட முடியவில்லை. கத்திப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கொல்லைக்காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். கைக்கு எட்டிய துண்டை இழுத்து அவள் முதுகில் போட்டேன். குளிரில் அவள் உடம்பு வெடவெடவென்று ஆடியது.

"ம்மா, வலிக்குதா?"

"இல்ல கண்ணு. இதோ எழுந்துக்கிறேன்."

எழுந்திருக்க முடியவில்லை. அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு சொன்னாள்: "இனிமே நான் சோறு கம்மியா துன்றேம்மா."

தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்க வந்த ஒரு பெண் எங்கள் குரல் கேட்டு உள்ளே வந்தாள். அவள்தான் ஆட்களைக் கூட்டிவந்து எங்களைத் தூக்கினாள்.

மகள் சொன்னதை அழுகையில் வந்த பேச்சு என்று நினைத்தேன். நான் படுக்கையில் கிடந்த நாட்களில் கணவர் அவளுக்குச் சோறு போட்டார். எப்போதும் "போதும்" என்றுதான் சொன்னாள். கன்னம் ஒட்டியது. ஒரு மதியம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தேன். வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்த தட்டுச் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோழிக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்றே?"

"நான் கனமா ஆய்ட்டேன். உனக்கு முடியாமப் போச்சுன்னா என்னை யாரும்மா தூக்குவாங்க?"

அந்தக் கேள்வி என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் கணவர் சுவரைப் பார்த்தபடி பேசினார். "மலைக்குக் கீழ ஒரு விடுதி இருக்குதாம். இந்த மாதிரி பசங்களைப் பாத்துக்குவாங்களாம். விசாரிக்கட்டா?"

நான் போட்ட சத்தத்தில் அவர் கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் இன்னா பண்றது, நீயே சொல்லு. வண்டிய வுட்டுட்டு வூட்லயே குந்திக்கட்டா?" என்றார். செத்துப்போனால்கூடப் பரவாயில்லை, இவளை விட்டுவிட்டுப் போக முடியாதே என்று அந்த வாரமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளின் கால் பயிற்சிக்காக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. அங்கே பயிற்சி தருகிற பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. நான் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும், "முதல்ல உங்களைக் காட்டிட்டு வாங்கக்கா," என்று டாக்டரிடம் அனுப்பினாள். நரம்பில் கோளாறு இல்லை, தசைப்பிடிப்புதான், வலி அடங்கியதும் உடற்பயிற்சி செய்யலாம் என்றார் டாக்டர். அடுத்த தடவை போனபோது அந்தப் பெண் மூலையிலிருந்து ஒரு இரும்பை எடுத்து வந்தாள். உருண்டையான குண்டு, அதன் மேல் பிடிக்க ஒரு வளையம். கெட்டில்பெல் என்றாள். ஆறு கிலோ.

"இது எதுக்கும்மா? என் பொண்ணு முப்பது கிலோவுக்கு மேல இருக்கா."

"அதுக்குத்தான் ஆறுல ஆரம்பிக்கிறோம்."

ஆனால் அன்று அதைத் தொடவே விடவில்லை. ஒரு நீளமான கோலை என் முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். பின்தலை, நடுமுதுகு, இடுப்புக்குக் கீழுள்ள எலும்பு, மூன்றும் கோலை விட்டு விலகாமல் குனிய வேண்டும். எனக்கு வரவில்லை. குனிந்தாலே முதுகுதான் வளைந்தது.

"ரெண்டு கையிலயும் குடம் இருந்தா, பின்னாடி கதவை எப்படிக்கா மூடுவீங்க?"

"பின்பக்கத்தால தள்ளித்தான்."

"அதேதான். இப்ப தள்ளுங்க."

தள்ளினேன். தொடையின் பின்புறம் இழுத்தது, இடுப்பு வலிக்கவில்லை. இத்தனை வருடமும் முதுகால் தூக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. கோலோடு சரியாகக் குனிய வந்த பிறகு, வீட்டில் இரும்பை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்துத் தூக்கி, அதே மாதிரி இறக்கி வைக்கலாம் என்றாள். செருப்பு வேண்டாம். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்போது மூச்சை விட வேண்டும். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் வர வேண்டும்.

கணவர் வேலூரில் ஒரு கடையிலிருந்து அந்த இரும்பை வாங்கி வந்தார். "கடையில வெக்கிற எடைக்கல்லு மாதிரி கீது," என்று சிரிக்கப் பார்த்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

எனக்கோ அவசரம். மகள் இளைத்துக்கொண்டே போகிறாள், நான் ஆறு கிலோவைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் பார்த்தால் பெண்கள் அதைக் கால்களுக்கு நடுவிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு ஊஞ்சல் மாதிரி வீசுகிறார்கள். அப்படிச் செய்தால் சீக்கிரம் பலம் வரும் என்று தோன்றியது. வீசினேன். சில வீச்சுக்குள்ளேயே இடுப்பில் பழைய இடத்தில் சுரீரென்றது. இரும்பை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து வேலூருக்குப் போன் செய்தேன்.

"வலி காலுக்கு இறங்குதாக்கா?"

"இல்ல."

"மரத்துப்போவுதா?"

"இல்லம்மா."

"அப்ப பயப்படாதீங்க. ரெண்டு மூணு நாள் மெதுவா நடங்க. வலி போனதும் மறுபடி கோல்ல இருந்து வாங்க. வீசறதெல்லாம் ரொம்ப நாள் கழிச்சு, நான் பக்கத்துல இருக்கும்போது."

"எனக்கு அவ்ளோ நாள் இல்லம்மா," என்று அழுதுவிட்டேன். "இவ துன்ன மாட்டேங்கறா. எனக்காகத் துன்ன மாட்டேங்கறா."

அந்தப் பெண் போனை மகளிடம் கொடுக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டு மகளின் மடியில் வைத்தேன்.

"நீ துவண்டு போய்ட்டா உன்னைத் தூக்கறது இன்னும் கஷ்டம், தெரியுமா? நீயும் கழுத்தைப் பிடிச்சு ஒத்தாசை பண்ணினாத்தான் அம்மாவால முடியும். அதுக்கு உனக்குச் சோறு வேணும். இன்னொரு வேலையும் இருக்கு. அம்மாவால அவங்க முதுகைப் பாக்க முடியாது. நீதான் பாத்துச் சொல்லணும்."

மகள் யோசித்தாள். "வளைஞ்சா கத்தலாமா?" என்று கேட்டாள்.

"நல்லா கத்து."

கத்தினாள். "ம்மா, முதுகு!" "ம்மா, கோல் வுட்டுப்போச்சு!" என்று வாரக்கணக்கில் கத்தினாள். கோழிக்கு எதுவும் போகவில்லை. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நன்றாகச் சாப்பிட்ட நாளில் எனக்குச் சந்தோஷமும் வரும், கூடவே, கனம் கூடுமே என்ற பயமும் வரும்.

சாமைக் கொல்லைகளில் மறுபடி உழவு தொடங்கிய சமயத்தில், வேலூரில் அந்தப் பெண் என்னை அடுத்த எடைக்கு மாற்றினாள். மகளின் இடுப்பில் பட்டை கட்டித் தூக்குவதை எனக்கும் கணவருக்கும் சேர்த்தே கற்றுக்கொடுத்தாள். "பலம் வந்துடுச்சுன்னு தனியாளா எல்லாத்தையும் செய்யாதீங்கக்கா. அவ இன்னும் வளருவா," என்றாள்.

வீட்டில் முதல் தடவை கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கியபோது கணவர் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார். பின்பக்கத்தைத் தள்ளிக் குனிந்து அணைத்தேன். மகள் என் கழுத்தைப் பிடித்தாள். "மூச்சு வுடும்மா," என்றாள் காதுக்குள். விட்டேன். எழுந்துவிட்டேன்.

தரையிலிருந்து அவளைத் தூக்க இன்றைக்கும் என்னால் முடியாது. அவள் குளித்து முடித்த பிறகுதான் கணவர் லோடு ஏற்றப் போகிறார். விடுதிப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. அது முடிந்துபோன பேச்சு என்று என்னாலும் நம்ப முடியவில்லை. அவள் என் உயரத்தை எட்டும் நாளில் என்ன செய்வேன் என்று கேட்டால், தெரியாது.

போன வாரம் சந்தைக்குப் போக வேண்டும் என்றாள். இருவருமாகத் தூக்கி மினி லாரியில் உட்கார வைத்தோம். கடைக்காரரை நிற்க வைத்து, தலைக்குப் போடும் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தானே பொறுக்கினாள். திரும்ப ஏற்றும்போது எனக்கு இடுப்பு லேசாகப் பிடித்தது. அன்று இரும்பைத் தொடவில்லை. வீட்டைச் சுற்றி மெதுவாக நடந்தேன். காலையில் பிடிப்பு விட்டிருந்தது.