மடுவின் மேல் நின்ற எஞ்சின்

என் அக்காள் புருஷன் கம்பெங் யாரையும் நம்ப மாட்டார். சந்தையில் வாங்கிய மீன் வலையைக்கூட வீட்டில் விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். எங்கள் மேகோங் ஆற்றை யாரோ வந்து அளந்துபோன பிறகுதான் மேலே அணை வந்தது. அதிலிருந்து ஆற்றை அளப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

இந்தக் கோடையில் தலைநகர் வியன்டியானிலிருந்து மாலிவன் என்ற பெண் வந்தாள். மீன்களுக்காகக் காப்பாற்ற வேண்டிய ஆழமான மடுக்களைக் கண்டுபிடிக்கிறாளாம்.

"இன்னைக்குப் பலகை நடுவா, நாளைக்கு வலை போடாதேன்னு நம்மளையே விரட்டுவா, பாருடா" என்று என் காதைக் கடித்தார்.

ஊர்த்தலைவர் சொல்லிவிட்டதால் அத்தான் அவளை ஏற்றிக்கொண்டு படகை ஓட்டித்தான் ஆக வேண்டும்; துணைக்கு நானும் ஏறினேன். மீன்கள் கூடும் மடுவை வாய் திறக்காமல் தாண்டி, அப்பால் ஒன்றுமில்லாத மணல் பள்ளத்தைக் காட்டிவிடுவது என்று அத்தான் முடிவு செய்தார்.

பாதி வழியில் எஞ்சின் நின்றது.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க?" என்றாள் மாலிவன்.

மீன் முட்டையிடும் மாதத்தில் அந்த மடுவின் மேல் எங்கள் ஊரில் எவரும் எஞ்சினை ஓட்டுவதில்லை. அத்தானின் பழகிய கை தானாகவே அணைத்துவிட்டது.

"சூடாயிடுச்சும்மா."

"பின்னாடி வர்ற படகும் இங்கதான் அணைக்குது. அதுக்கும் சூடா?" என்றபடி மாலிவன் ஆழம் பார்க்க ஈயக் குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் இறக்கினாள்.

அத்தான் என்னை முறைத்தார். நான்தான் காட்டிக்கொடுத்தேனாம். எஞ்சினை அணைத்த தன் கையை மட்டும் குற்றம் சொல்லாமல் விட்டுவிட்டார் மனுஷன். இன்றுவரை என்னோடுதான் பேசுவதில்லை.