ரேகை வளர்க்கும் வேலை

குற்றாலத்தில் முப்பத்தொரு வருஷமாக ஊரார் முதுகில் எண்ணெய் தேய்த்துவந்த உச்சிமாகாளிக்கு விரல்களில் ரேகை கிடையாது. அத்தனையையும் முதுகுகள் கொண்டுபோய்விட்டன. அது ஒரு குற்றம் என்று இந்த மே மாதம்தான் அவருக்குத் தெரியவந்தது.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர்கள் இனி அடையாள அட்டை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சாரல் காலத்தில் அங்கே உட்காரக் கூடாது என்று உத்தரவு. போலிகளை விலக்கி உண்மைத் தொழிலாளியைக் காப்பதே நோக்கமாம். அட்டைக்கு வேண்டியது கைரேகை.

தென்காசியில் அட்டை கொடுக்கும் அலுவலகத்து மெஷினில் பத்து விரலையும் வைத்தார். பத்துக்கும் சிவப்பு விளக்கு. சோப்புப் போட்டுக் கழுவிவந்து வைத்தார். மறுபடியும் சிவப்பு. பின்னால் சுரண்டையிலிருந்து வந்த ஒருவன் நின்றான். செல்போன் கவர் விற்பவன், சீசனுக்கு இதையும் பார்க்கலாமே என்று வந்திருந்தான். தன் முழங்காலுக்குக்கூட எண்ணெய் தேய்த்தறியாதவன். கட்டைவிரலை வைத்தான். பச்சை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முத்துச்செல்வம். மாதம் ஒரு ஞாயிறு அவர் இடுப்பை நீவிவிடுவதே உச்சிமாகாளிதான்.

“சார், நான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுதுலா அண்ணாச்சி. ஆனா தெரிஞ்சவங்களுக்குக் குடுக்க ஆரம்பிச்சா, நாளைக்கு வாரவன்லாம் சொந்தக்காரன்னுதான் வருவான்.”

“கண்ணப் பாக்குத மெஷின் இருக்காம்லா?”

“ரூல்ல ரேகைன்னுதான் போட்டிருக்கு.”

முத்துச்செல்வம் கெட்டவரல்ல, கஷ்டமே அதுதான். கை நீட்டுகிறவராக இருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும். ஆளைப் பார்க்காமல் விதியைப் பார்ப்பதே நவீன நிர்வாகத்தின் பெருமை என்கின்றன சமூகவியல் புத்தகங்கள். பெருமைதான். ஜமீன் காலத்தில் ஆளைப் பார்த்து அநியாயம் செய்தார்கள். இப்போது பார்க்காமலே செய்ய முடிகிறது.

“ஒண்ணு செய்ங்க,” என்றார் முத்துச்செல்வம். “ரெண்டு மாசம் கையில எண்ணெய் படாம இருங்க. ரேகை வளந்துரும். பொறவு வாங்க.”

தொழில் செய்ய அனுமதி வேண்டுமானால் தொழில் செய்யாமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் உச்சிமாகாளியின் மனைவி உலகம்மை சிரித்தார்; அது வேடிக்கைச் சிரிப்பு அல்ல. “சாரலே ரெண்டு மாசந்தான். அதுலயும் கையக் கட்டிக்கிட்டு இருந்தா மிச்ச நாளைக்கு என்னத்தத் திங்க? ஒங்க ரேகையவா?”

அருவிகள் கொட்டிய அந்த இரண்டு மாதமும் உச்சிமாகாளி ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக நின்று, வருகிற கார்களுக்கு சல்யூட் அடித்தார். சுரண்டைக்காரன் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மதுரைக்காரரின் தோளைச் சுளுக்கவைத்தான்.

செப்டம்பரில் பச்சை விளக்கு எரிந்தது. அட்டை கைக்கு வந்தபோது அருவியில் பாறைதான் தெரிந்தது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கைரேகை சரிபார்க்கப்படும்.’ உண்மைத் தொழிலாளி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லாட்ஜ் வாசலிலேயே நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துச்செல்வம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்தார்.

“அட்டைதான் கெடச்சிட்டுல்லா அண்ணாச்சி? கொஞ்சம் தேய்ச்சி விடுங்க. நிக்க முடியல.”

உச்சிமாகாளி பத்து விரலையும் விரித்துக் காட்டினார். “டிசம்பர்ல ரேகை கேப்பியள்லா சார். எண்ணெய் படப்படாதுன்னு நீங்கதான சொன்னிய.”

“என்ன அண்ணாச்சி, என்னத் தெரியாதா ஒங்களுக்கு?”

“தெரியுதுலா. சுரண்டைக்காரன்ட்ட போங்க சார். அவன் அட்டை வச்சிருக்கான்.”

அப்போது ஒரு கார் உள்ளே திரும்பியது. உச்சிமாகாளி நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார்.