பஸ்ஸுக்கு வைத்த கஞ்சித்தண்ணி

பரசேரிக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவில், புளியமரத்தடியில் நாகம்மைக்கு ஒரு கஞ்சிக்கடை இருந்தது. உள்ளதைச் சொன்னால் அது மாடுகளின் கடை. குளச்சலுக்குப் போகிற வண்டிகள் அங்கே நின்றது காளைகளுக்காகத்தான். கல்தொட்டியில் அவை உப்பிட்ட கஞ்சித்தண்ணியைக் குடித்து முடிக்கிற வரை சும்மா இருப்பானேன் என்று வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு சட்டி கஞ்சியும் பயறும் சாப்பிடுவார்கள். புருஷன் செத்த பிறகு அவளைக் காப்பாற்றியது மாடுகளின் தாகம். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அந்தச் சாலைக்கு பஸ் வந்தது. வண்டிகள் பாதியாகி, பிறகு சந்தை நாளில் மட்டும் என்றாகி, கடைசியில் நின்றேபோயின. குளச்சலில் இருந்த அண்ணன் குமாரதாஸ், சித்திரை பிறந்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டான். அவன் நல்லவன். அவன் மனைவி பூங்கனியும் வாய் திறந்து ஒரு குறை சொல்லமாட்டாள். பாத்திரத்தைத் தரையில் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாகிற வரை சோறு தின்ன நாகம்மைக்கு மனமில்லை.

கையில் மிச்சம் என்ன என்று பார்த்தாள். வண்டிகள் போயின, கிணறு போகவில்லை, அடுப்பு போகவில்லை. தாகமும் உலகத்தை விட்டுப் போயிருக்க முடியாது. பஸ்ஸை நிறுத்த வேண்டியதுதான் பாக்கி.

மாசி மாதம், மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போகிற கூட்டத்தோடு பஸ் தானாகவே நின்றது. முன்பக்கம் ஆவி பறந்தது. டிரைவர் ஜான்ரோஸ் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு, ஆறினதும் தண்ணீர் ஊற்ற நாகம்மையிடம் சொல்லி, பீடி பற்றவைக்க மரத்துக்கு அந்தப் பக்கம் போனான். களைத்து வந்த எதற்கும் வெறும் பச்சைத்தண்ணீரைக் கொடுப்பது நாகம்மைக்குப் பழக்கமில்லை. அது கேவலம். இருந்த கஞ்சித்தண்ணியில் ஒரு கை உப்பும் போட்டு, குடம் நிறைய ஊற்றினாள். பஸ் மறுபேச்சில்லாமல் குடித்தது.

கொஞ்ச தூரம் போய்ப் பொங்கியது. மண்டைக்காட்டில் பொங்கலிடப் புறப்பட்ட பெண்கள் வழியிலேயே ஒன்றைப் பார்த்துவிட்டார்கள்.

பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஜான்ரோஸ் திட்டியதில் பாதி மலையாளம். கிணற்றில் இறைத்து இறைத்து உள்ளே ஊற்றிக் கழுவி முடிக்க மத்தியானமாகிவிட்டது. அதற்குள் எல்லாருக்கும் பசித்தது. அடுப்பில் கஞ்சி இருந்தது. பிலாவிலையைக் கரண்டிபோலக் கோட்டி ஆளுக்கொன்று கொடுத்தாள். வண்டிகள் ஓடிய காலத்திலும் ஒரு நாளில் அவ்வளவு கஞ்சி போனதில்லை. திட்டு வாங்கிக்கொண்டே அவள் ஒன்றைக் கவனித்தாள். என்ஜின் ஆறுகிற நேரமும் கஞ்சி ஆறுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேருமா? மறுநாள் முதல் பஸ் புளியமரத்தைக் கண்டாலே வேகமெடுத்தது. திங்கள்சந்தையில் போய்த்தான் ஜான்ரோஸ் தண்ணீர் பிடித்தான். அந்தக் கிணறு உவர். மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பதை அவனே சுரண்டி எறிவான்.

நாகம்மை தன் கிணற்றின் நல்ல தண்ணீரைக் குடத்தில் எடுத்துத் தலையில் வைத்து சந்தைக்கு நடந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாளும் போனாள். சந்தைக்காரர்கள் சிரித்தார்கள். அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பூங்கனியின் பாத்திரச் சத்தத்தை நினைத்துக்கொண்டு நின்றாள்.

எத்தனையோ நடைக்குப் பிறகு அவன் வாய் திறந்தான்.

“மொதல்ல நீங்க குடியுங்கக்கா. பொறவு எனக்க வண்டி குடிக்கும்.”

அத்தனை பேருக்கு முன்னால் ஒரு கை அள்ளிக் குடித்தாள். வண்டியும் குடித்தது.

அதன்பின் பஸ் புளியமரத்தடியில் நின்றது. தினமும் அவள் ஒரு கை குடித்துக் காட்டுவாள். அதுவரை ஜான்ரோஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அது ஏதோ நேர்ச்சை என்று நினைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. அவள் திருத்தவில்லை. கும்பிட்டவர்களும் கஞ்சி குடித்தார்கள்.

சித்திரை பிறந்தது. குமாரதாஸ் சொன்னபடியே மாட்டுவண்டி பூட்டி வந்து சேர்ந்தபோது, தங்கை ஒரு பஸ்ஸுக்கு முன்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பஸ் போகிற வரை அவன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு மூட்டையைக் கட்டச் சொன்னான்.

“நான் வந்துட்டா நாளைக்கு அந்த வண்டிக்கு யாரு அண்ணே குடிச்சுக் காட்டுவா?” என்றாள் நாகம்மை.

குமாரதாஸ் காளைகளை அவிழ்த்துவிட்டான். பிறகு கஞ்சி கேட்டான்.

அவன் குடித்துக்கொண்டிருக்க, அவள் நெடுநாளாகக் காய்ந்து கிடந்த கல்தொட்டியைக் கழுவினாள். கஞ்சித்தண்ணியை ஊற்றி, ஒரு கை உப்புப் போட்டுக் கலக்கினாள். அண்ணனின் காளைகள் இரண்டும் வந்து தலையைத் தாழ்த்தின. நாகம்மைக்கு அழுகை வந்துவிட்டது. அவற்றுக்கு யாரும் முதலில் குடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.