ஆரோக்கியமேரி டீச்சரின் சிங்கப்பூர்ப் பயணம்

விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பவனிடம் எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எதற்குப் போகிறோம் என்பதைப் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள்.

சொல்லிவிட்டுப் போனவர் ஆரோக்கியமேரி டீச்சர். அவரை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது காரைக்குடி பஸ் ஸ்டாண்டில். அமராவதிபுதூர் வழியாகப் போகும் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. கையில் காய்கறிப் பையோடு நாலு எட்டு ஓடி, கம்பியைப் பிடித்து ஏறினார். வயது ஐம்பத்து மூன்று. ஏறியதும் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார்: "ஆளு வர்றது தெரியலையா? கண்ணை எங்குட்டு வச்சிருக்கீக?" பன்னிரண்டு நாள் கழித்து மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். வெளிநாட்டில் செய்த ஆபரேஷன்தான் கொன்றுவிட்டது என்று இன்றும் இங்கே சிலர் சொல்கிறார்கள். இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என்னைப் போல மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் யோசனைகளையெல்லாம் கேட்டுக்கொண்டு பிழைத்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அங்க அடையாளம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் என் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என் கடைக்கு மூன்று படி. டீச்சரால் ஏற முடியாது. நான்தான் படிவத்தோடு இறங்கிப் போனேன். அவர் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருக்க, நான் வெளியே நின்று எழுதினேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. மற்ற இங்கிலீஷெல்லாம் விமானக் கால அட்டவணையிலும் பழைய அகராதியிலும் கற்றது. பாஸ்போர்ட் படிவம் மட்டும் மனப்பாடம்.

டீச்சர் கன்னியர் மடத்துப் பள்ளியில் கணக்கு எடுத்தார். கல்யாணமாகாதவர். சிங்கப்பூரில் நர்ஸாக இருந்த சின்னம்மா மகள் ரீட்டா எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டினார். வயிற்றின் மேல்பாகத்தைக் கம்பித் தையல் போட்டுச் சின்னப் பையாகப் பிரித்து விடுகிறார்களாம். நாலு வாய்க்கு மேல் இறங்காதாம். உயிருக்கு ஆபத்தும் உண்டாம். உயரம், கண்ணின் நிறம் எல்லாம் எழுதிவிட்டு, உடலில் தெரியும் அடையாளம் என்ற இடத்துக்கு வந்தேன். மச்சம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். டீச்சர் சிரிக்காமல் சொன்னார்: "குண்டுன்னு எழுதுங்கண்ணே. மச்சத்தைத் தேடுறதுக்கு முன்னாடி அதைத்தானே பாப்பாக?"

பார்சல் ஆபீஸ் தராசு

சிங்கப்பூர் டாக்டர் எடையைக் கேட்டிருந்தார். நம் ஊர் டாக்டர் வைத்திருந்த இயந்திரம் நூற்றிருபது கிலோவோடு முடிந்துவிடும். டீச்சர் ஏறி நின்றதும் முள் அதன் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் எவ்வளவு என்று டாக்டருக்கும் தெரியவில்லை. அரிசி மில்லில் தராசு இருக்கிறது, ஆனால் அங்கே வேடிக்கை பார்க்க ஆளும் இருக்கும். கடைசியில் ரயில்வே பார்சல் ஆபீஸுக்குப் போனோம். தரையோடு பதித்த பலகைத் தராசு, ஏற வேண்டிய படியே இல்லை.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு வாழைத்தார்க் கட்டுகளுக்கு நடுவில் போய் நின்றார். நூற்று முப்பத்தெட்டு. குமாஸ்தா சீட்டில் எழுதிக்கொண்டே, பழக்க தோஷமோ குறும்போ, "எந்த ஊருக்கு?" என்றார். எனக்குக் காது சுட்டது. டீச்சர் தராசை விட்டு இறங்கவில்லை. "சிங்கப்பூருக்கு. கவனமாக் கையாளவும்னு பெருசா எழுதுங்க. பத்திரமாத் திரும்பி வரணும்."

கொள்ளு

மில் சோலையப்பன் என் கடைக்குத் தினமும் பேப்பர் படிக்க வருவார். மகன் சிங்கப்பூரில் இருந்ததால் சிங்கப்பூருக்குப் போகிற எல்லோரும் தனக்குச் சொந்தம் என்று நினைப்பு. விஷயம் தெரிந்ததும் ஆட்டோவருகே வந்து நின்றுகொண்டார். "கத்தி எதுக்கு டீச்சர்? கொள்ளுத் தண்ணி குடிங்க. வெள்ளனா எந்திரிச்சு கோவிலூர் வரைக்கும் நடங்க. வாயைக் கட்டுனா வயிறு தன்னால அடங்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் மனைவியும் பருத்த உடல்காரி. மதுரையில் டாக்டர் அவளிடம் சொன்னதும் அதுதான். அவள் அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே ஒரு வேளைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னாள், டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்தேன். நாற்பத்து நாலு வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டாள். நான் அன்றைக்கு அந்த டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் டீச்சர் ஒரே வாயில் மில்காரரிடம் சொன்னார்: "பன்னெண்டு வருசமாக் கொள்ளுதான் குடிக்கிறேன் அண்ணே. குதிரையா இருந்தா இந்நேரம் மெட்ராஸைத் தாண்டியிருக்கும். என் ஒடம்பு ஒங்க கொள்ளுக்குக் கட்டுப்படலை. நான் என்ன செய்யட்டும்?"

இரண்டாவது டிக்கெட்

இதில் தப்பு என்னுடையது. நூற்று முப்பத்தெட்டு கிலோவுக்கு விமானத்தில் ஒரு இருக்கை போதாது. இரண்டு இருக்கை வேண்டும் என்று டீச்சரிடமே மெல்லச் சொல்லிச் சம்மதம் வாங்கி, நான் யாருக்கு ஏஜெண்டாக இருந்தேனோ அந்த மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதினேன். டிக்கெட் கூரியரில் வந்தது. வாங்கிப்போக டீச்சரின் தம்பி அருளப்பன் வந்தார். அமராவதிபுதூரில் விவசாயம் பார்ப்பவர். உறையைப் பிரித்தார், உள்ளே இருந்த இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது. "எதுக்குச் சார் ரெண்டு?" என்றார். பக்கத்தில் பேப்பருக்கு மேலாக மில் சோலையப்பனின் கண். ஒரு பெண்பிள்ளையின் எடையைப் பொது இடத்தில் எப்படிச் சொல்வது? "அதை டீச்சரே சொல்வாங்க" என்றேன். நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலைக்குள் ஊருக்குச் செய்தி கிடைத்துவிட்டது. டீச்சர் சிங்கப்பூருக்கு ஆபரேஷனுக்குப் போகவில்லை, ஆளோடு போகிறார். ஆள் யார்? மனைவி இல்லாதவன், அடிக்கடி ஆட்டோ ஓரம் நின்று பேசுகிறவன். அருளப்பன் இரண்டு டிக்கெட்டையும் சுருட்டிக் கையில் பிடித்தபடி படியேறி வந்தார். உள்ளே மில்காரரும், மலேசியா விசாவுக்கு வந்த ஒக்கூர்க்காரர் ஒருவரும் இருந்தார்கள். "யாருக்குச் சார் இது? ஒங்களுக்கா?" என்றார். நான் மேசையில் இருந்த படிவங்களை அடுக்கினேன். "இதைக் கிழிச்சுப் போட்டா எல்லாம் முடிஞ்சிரும்" என்று இரண்டு கையாலும் பிடித்தார். அந்தக் காலத்து டிக்கெட் வெறும் காகிதம்தான். கிழிந்தால் பயணம் போச்சு. சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் குறித்த தேதிக்குப் பத்தே நாள் இருந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. டீச்சர் அன்றைக்கு என்னைக் கூப்பிடவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். மூன்று படிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நான் சொல்ல மாட்டேன்; நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே வந்து, இரைப்பு அடங்குவதற்கு முன்பே பேசினார். "ரெண்டும் எனக்குத்தாண்டா. ஒரு சீட்டுல நான் அடங்க மாட்டேன். பெல்ட்டும் எட்டாது, அதுக்கு ஒட்டுப் போடத் துண்டு பெல்ட்டு கேட்டு எழுதியிருக்கு. நூத்தி முப்பத்தெட்டு கிலோ. போதுமா, இன்னும் ஒரக்கச் சொல்லணுமா?"

மில்காரர் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அருளப்பன் டிக்கெட்டை மேசையில் வைத்து, உள்ளங்கையால் சுருக்கம் நீவினார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா" என்றார், தரையைப் பார்த்து. ஒக்கூர்க்காரர் எழுந்து பெஞ்சு முழுவதையும் டீச்சருக்கு விட்டுக்கொடுத்தார். டீச்சர் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார். கோபம் அருளப்பன்மேல் இல்லை. "நான் குண்டுங்கிறது ஊருக்கே தெரியும். தெரிஞ்சதை மறைக்கப் போயி, இல்லாததை ஊருக்குக் குடுத்துட்டீகளே அண்ணே!"

முறுக்கு டின்

இவ்வளவுக்குப் பிறகும் மில் சோலையப்பன் வந்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். பயணத்துக்கு முதல் நாள், சிங்கப்பூர் மகனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு டின் முறுக்கும் ஒரு டின் மாவுருண்டையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நம் பக்கத்தில் யார் கப்பலேறினாலும் அடுத்த வீட்டுப் பலகாரமும் கூடப் போகும். அதைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் வயிற்றைத் தைக்கப் போகிறவரிடமா? "ரெண்டு சீட்டு இருக்குல்ல டீச்சர், ஒரு ஓரமா வச்சுக்கங்க" என்றார். டீச்சர் டின்னைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்து, முழுசாகத் தின்று முடித்துவிட்டுச் சொன்னார்: "முறுக்கு நல்லாருக்கு. அதுக்கும் சீட்டு வேணும்னா அண்ணன்கிட்டச் சொல்லி மூணாவதாப் போட்டுக்கங்க."

டெலிபோன்

மெட்ராஸ் விமான நிலையம் வரை அருளப்பன் கூடப் போனார். அவர்கள் தெருவில் டெலிபோன் கிடையாது. அதனால் ஆபரேஷன் அன்று காலையிலேயே என் கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். டீ வாங்கி வைத்தேன், ஆடை படிந்தது. மத்தியானம் ரீட்டா கூப்பிட்டுக் கண் விழித்துவிட்டார் என்றாள். அவ்வளவுதான். அடுத்த மூன்று நாளும் அருளப்பன் வயலுக்குப் போகவில்லை.

நாலாவது நாள் டீச்சரே பேசினார். எனக்கு எதிரில் நின்றுதான் அருளப்பன் ரிசீவரைப் பிடித்திருந்தார். "வலிக்குதாக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என்னிடம் கொடுத்துவிட்டார். இழுத்து இழுத்து வந்த அந்தக் குரலை நான் கேட்டதால்தான் இதை எழுத முடிகிறது: "வலிக்காம என்ன? அதை விடுங்க. நாலு ஸ்பூன் தண்ணி குடிச்சேன், வயிறு நெறைஞ்சிருச்சு. எனக்கு நெனைவு தெரிஞ்சு இதுதாண்ணே மொத தடவை."

அரை இட்லி

எல்லாம் சுகமாக முடிந்தது என்று கதை விட மாட்டேன். திரும்பி வந்த முதல் வருடம் டீச்சர் படாத பாடு பட்டார். ஒரு வாய் அதிகமானால் வாந்தி. முடி கொட்டியது. கையில் தோல் தொங்கியது. ஆனால் ஒன்றரை வருடத்தில் ஐம்பத்தைந்து கிலோ குறைந்து, என் கடைப் படியை நின்று இளைப்பாறாமல் ஏறி வந்தார். ஊர் சும்மா இருக்குமா? இப்போது சீக்காளி மாதிரி இருக்கிறாராம்.

ஒரு கல்யாணத்தில் நானும் அவரும் எதிரெதிர் வரிசை. அவர் இலையில் அரை இட்லி, அதிலும் கொஞ்சம் மீதி. பெண்ணின் தாயார் வந்து, "எங்க வீட்டுச் சாப்பாடு புடிக்கலையா? எப்படி இருந்த ஆளு இப்படி எளைச்சுப் போனீக, இன்னும் ரெண்டு வச்சுக்கங்க" என்று இரண்டு இட்லியை எடுத்து நீட்டினார். டீச்சர் இலையின் குறுக்கே கையை வைத்துத் தடுத்தார். "போன தடவை ஒங்க வீட்டுப் பந்தியில, நான் ரெண்டாவது இட்லி கேட்டதுக்கு ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தீக. எத்தனை இட்லி தின்னா ஒங்களுக்குச் சரின்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க!"

நாலு பேர்

ஆபரேஷனுக்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார். பள்ளியில் நின்றபடியே பாடம் நடத்தினார். வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தார். மில் சோலையப்பன் அவருக்கு இரண்டு வருடம் முன்பே இறந்துபோனார். கொள்ளால் செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. டீச்சருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மட்டும் ஊருக்குக் காரணம் தயாராக இருந்தது. அமராவதிபுதூர் கல்லறைத் தோட்டத்திலேயே, குழி மூடுவதற்குள், எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "அன்னைக்கே சொன்னோம், வயித்துல கத்தி வைக்காதேன்னு" என்றார்.

நான் திரும்பினேன். ஆஸ்பத்திரியில் தண்ணீரால் பரவும் கிருமிக் காமாலை என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள், கம்பித் தையல் எங்கே இருக்கிறது, கல்லீரல் எங்கே இருக்கிறது என்று முதல் முறையாகப் பத்துப் பேர் கேட்க உரக்கச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அருளப்பன் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு அந்த ஆளுக்கு முன்னால் வந்து நின்றார். "எங்கக்காவை நாலே பேருதான் தூக்கிட்டு வந்தோம், பாத்தீகளா? அந்தக் கத்தி வைக்காட்டி பதினோரு வருசத்துக்கு முந்தியே எட்டுப் பேரு தூக்கியிருப்போம். வாயை மூடுங்க."

அருளப்பனின் மகள் போன வருடம் அதே மாதிரி ஆபரேஷனை மதுரையிலேயே செய்துகொண்டு, பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்துவிட்டாள்; என்னிடம் யாரும் எதுவும் கேட்டு வரவில்லை.