கொட்டாஞ்சேனையில் ஒரு சேர்வர்

யுத்த காலத்துக் கொழும்பை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது கப்பலின் ஊதல்தான். கொட்டாஞ்சேனையில் எங்கள் கம்பனியின் கிளை அலுவலக ஜன்னலால் அது மெதுவாக உள்ளே வரும். மேசையையும் ஆறிய தேத்தண்ணீரையும் ஒருமுறை அதிரவைத்துவிட்டுப் போகும். அந்த ஜன்னலோரத்துக் கதிரையில் உட்கார நான் தவம் கிடந்தேன்.

அப்போது எனக்கு வேலை கொழும்பின் கோட்டைப் பகுதியில், தலைமை அலுவலகத்தில். துறைமுகத்துக்கு வரும் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கம்பனி அது. நான் தங்கியிருந்த கொட்டாஞ்சேனை அறையிலிருந்து அங்கே போவதற்குள் எத்தனை செக்பொயின்ட்! அடையாள அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்றிருந்தால் போதும், பஸ் போய்விடும், நான் நிற்பேன். இனியும் பிந்தினால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்று மனேஜர் சொல்லிவிட்டார். என்னவோ நான் வழியில் பூப்பறித்துக்கொண்டு வந்தமாதிரி.

அந்த நாட்களில்தான் சரக்குக்கு வரி கணக்கிடும் புது புரோகிராமை எழுதிக்கொண்டிருந்தேன். அதைக் கம்பனியின் தரவெல்லாம் இருக்கும் டேட்டாபேஸுக்குள்ளேயே வைப்பதா, சேர்வர் என்று தனியாக ஒரு கம்பியூட்டரில் வைப்பதா என்று கேள்வி வந்தது. டேட்டாபேஸ் கோட்டையில் இருந்த பெரிய மெஷினில் இருந்தது. அதற்குள் வைத்தால் நானும் கோட்டையிலேயே இருக்க வேண்டும். தனி சேர்வர் என்றால் கொட்டாஞ்சேனையிலும் வைக்கலாம், நான் நடந்தே வேலைக்குப் போகலாம்.

டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிங்களவர். நான் அவரை அய்யே, அதாவது அண்ணா, என்பேன்; அவருக்கு நான் நங்கி, தங்கச்சி. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனிதர். தரவு ஓரிடம், கணக்கு இன்னோரிடம், நடுவில் ஒரு நோஞ்சான் டெலிபோன் லைன், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முடிவெடுக்கும் கூட்டத்தன்றும் செக்பொயின்டில் என்னை மறித்துவிட்டார்கள். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். அய்யே கதைத்துக்கொண்டிருந்தார். பெரிய மெஷினுக்குப் பாரம் ஏற்றக்கூடாதாம், தனி சேர்வர்தான் நல்லதாம், கொட்டாஞ்சேனையில் வைத்தால் அங்கிருந்தே என்னால் பார்த்துக்கொள்ள முடியுமாம். மனேஜர் தலையாட்டினார். அய்யே என் பக்கம் திரும்பவேயில்லை.

கதிரை கிடைத்தது. லைனோ ஆமை. ஒரு கணக்கு கோட்டைக்குப் போய்த் திரும்புவதற்குள் கண் சொக்கும். ஜன்னலில் கடல் வெளிச்சம் ஆடும், ஊதல் வரும், போகும். அந்த வருடங்களைப் பாதி உறக்கத்தில் கழித்தேனோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. அய்யே காலையில் போன் எடுத்து லைனை நன்றாக ஏசுவார். மாற்றுவோம் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு சமாதானம் என்றார்கள். செக்பொயின்டில் பாதையை மறித்த பீப்பாய்கள் வீதியோரம் உருண்டு கிடந்தன. அந்த வாரமே அய்யே போன் எடுத்தார்.

“நங்கி, இப்ப பாதை திறந்துதானே. எல்லாத்தையும் உள்ளுக்குப் போடுவம். நீங்க இங்க வாங்க.”

சேர்வரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். ஒருவரும் மறிக்கவில்லை. ஆனாலும் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்திருந்தேன். புரோகிராமை டேட்டாபேஸுக்குள் போட்டதும் கண்ணை மூடித் திறப்பதற்குள் கணக்கு வந்து நின்றது. அய்யே சிரித்தார். பிறகு பழைய சேர்வரைத் துடைத்து, துணி போர்த்தி, தன் மேசைக்குக் கீழே தள்ளிவைத்தார். இனி இது எதற்கு, விற்றுவிடலாமே என்றேன்.

“இருக்கட்டும் நங்கி,” என்றார். “பாதையை நம்பேலாது.”