கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து

பேய், ஆவி, சகுனம் எதையும் நம்பாதவன் நான். முப்பது வருடம் நில அளவை வேலை. சங்கிலி போட்டு அளக்காத எதையும் ஒப்புக்கொண்டதில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

பாபநாசத்தில் நானும் என் மனைவி வசந்தாவும்தான். படித்து முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் என் வயதையும் ஒரு வரியையும் எழுதிக் கீழே கோடு போடுவேன். நூலகப் புத்தகமானாலும் கை நிற்காது, ஆபீஸ் பழக்கம். கண்ணில் புரை விழுந்தபின் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வசந்தாதான் படித்துக்காட்டுகிறாள்.

அறுபத்தொன்பது வயதில், நூலகத்துக்கு அன்றுதான் வந்த புதுப் புத்தகக் கட்டிலிருந்து ஒரு புத்தகம் எடுத்தேன். மூப்பையும் சாவையும் பற்றி ஒரு கிழவர் எழுதியது. கடைசிப் பக்கத்தில் பென்சில் எழுத்து. கண்ணை நம்பாமல் நூலகரிடம் நீட்டினேன். அவர் படித்தார்: "வயது 71. இரண்டாம் முறை. இந்தத் தடவை நானே படித்துக்கொண்டேன்."

நான் எழுதவில்லை என்றேன். "உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா சார்?" என்று கடுகடுப்பாக ரப்பரை நீட்டினார். அழித்தேன்.

நானே படித்தேன் என்றால் வசந்தா எங்கே போனாள்? புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனேன். பத்து மத்தியானம் அவள் அதைப் படித்தாள். நான் புத்தகத்தைக் கேட்கவில்லை, அவள் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பின் கண் ஆபரேஷன் பேச்செடுத்தாலே சர்க்கரை, குறுவை நடவு என்று ஏதாவது சாக்கு சொல்வேன். கண் தெரியாதவன் எப்படித் தானே படிப்பான்? ஆபரேஷன் ஆகிக் கண் தெரிந்துவிடும் என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தமோ என்றும் சில சமயம் தோன்றும். எது சரி என்று இன்றுவரை பிடிபடவில்லை.

போன மாதம் எனக்கு எழுபத்தொன்று பிறந்தது. நேற்று வசந்தா கும்பகோணம் கண் முகாமில் என் பெயரைப் பதிந்துவிட்டு, வரும் வழியில் நூலகத்தில் அதே புத்தகத்தை எடுத்துவந்தாள்.

"கண்ணு சரியானதும் இந்தத் தடவை நீங்களே படிச்சுக்கங்க. எனக்கு இப்பல்லாம் படிச்சா மூச்சு வாங்குது."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். கொஞ்ச நாளாகத்தான் என்றாள். நாளைக்கு டாக்டரிடம் அவளைத்தான் கூட்டிப்போகிறேன். வீட்டிலிருந்த பென்சில்களை எல்லாம் வாய்க்காலில் போட்டுவிட்டேன்.

அந்த வரியை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.